குழுச் செபமாலை: ‘தூய மரியே’வா, ‘அர்ச்சிஷ்ட மரியாயே’வா?

பிரிவு: செபமும் வழிபாடும்

#1 கடலோரக்காரி (புதன், இரவு 10.12)

கேட்டால் சின்ன விஷயம். ஆனால் எங்கள் குழுவே உடைகிற நிலைக்கு வந்துவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் கோட்டாறு மறைமாவட்டத்துக் கடற்கரை. அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கச் செபக்குழு) 22 வீடுகள். வாரம் ஒரு வீட்டில் செபமாலை, முடிந்ததும் கட்டஞ்சாயா, ஊர்க்கதை. 2020 ஏப்ரலில் படி இறங்க முடியாமல் போனபோது வீடியோ காலுக்கு மாறினோம். முதலில் தெரு மட்டும். பிறகு துபாயிலும் குவைத்திலும் இருக்கிற பிள்ளைகள் சேர்ந்தார்கள். அக்கா மகள் டொரன்டோவில் யாழ்ப்பாணத்துப் பையனைக் கட்டியவள். அவளும் வந்தாள், பின்னாலேயே அவள் மாமியார், மாமியாரின் தங்கைகள், அவர்களுடைய பிள்ளைகள். ஊரடங்கு முடிந்தும் குழு நிற்கவில்லை. இன்றைக்கு ஏறக்குறைய பாதிப் பேர் இலங்கைக்காரர்கள்.

எங்களுக்குக் காலை 6.30, அவர்களுக்கு முந்தின நாள் இரவு 9.

செபமாலையில் மணிக்கு மணி சொல்கிற மாதா மந்திரத்தின் பின்பாதியை நாங்கள் ‘தூய மரியே, இறைவனின் தாயே’ என்போம். அவர்கள் ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்பார்கள். நாலு வருஷமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. போன வாரம் எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர், “எல்லாரும் ஒரே மாதிரி சொல்லவும். பழைய மந்திரம் இப்போது செல்லாது” என்று குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் மூன்று பேர் வெளியேறிவிட்டார்கள். மூன்று பேரும் அந்தப் பக்கம்.

அட்மின் நான்தான். ஒரே வாசகம் என்று முடிவு செய்யவா? செய்தால் எது?

#2 ஐடி அந்தோணி (புதன், இரவு 10.40)

அக்கா, நிஜமாகச் சொல்லுங்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று அந்தக் காலில் கேட்கிறதா?

செபமாலை என்பது பாதி ஒருவர், மீதி எல்லாரும். வீடியோ காலில் அந்த மீதிதான் வேலை செய்யாது. கனடாவிலிருந்து குரல் வர அரை நொடி வரை ஆகும், நெட் மோசமானால் இன்னும் கூடும். இருபது பேர் சேர்ந்து பதில் சொன்னால் செயலி ஒரு குரலை மட்டும் தூக்கிப் பிடித்து மற்றதை இரைச்சல் என்று அமுக்கிவிடும். ஆர்மோனியத்தைக்கூட மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். (செட்டிங்ஸில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ இருந்தால் பாட்டின்போது மட்டும் போடுங்கள்.) அதனால் எல்லாக் குழுவிலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: சொல்பவர் ஒருவர், பதில் சொல்ல ஒருவர், மற்றவர்கள் மியூட்.

எல்லாரும் மியூட்டில் இருக்கும்போது வாசகச் சண்டை எதற்கு?

இன்னொரு சந்தேகம். உங்களுக்கு வியாழன் காலை என்றால் அவர்களுக்குப் புதன் இரவு. செபமாலையின் தேவ ரகசியம் கிழமைக்குக் கிழமை மாறும்: புதன் மகிமை, வியாழன் ஒளி. எதைச் சொல்கிறீர்கள்?

#3 கடலோரக்காரி (புதன், இரவு 10.51)

அதைக் கிளப்பாதே தம்பி. இப்போதைக்கு எங்கள் கிழமைதான்.

#4 பாஷையூரான் (வியாழன், அதிகாலை 5.05)

நான் உங்கட குழுவில இல்லை. ஆனா அந்தப் போன மூண்டு பேரையும் எனக்கு விளங்குது.

நான் கனடாவுக்கு வந்து முப்பது வருசம். பிள்ளையளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. அவைக்குத் தமிழில முழுசா, பிழை இல்லாமல் தெரிஞ்ச ஒரே விஷயம் இந்த மந்திரம்தான். அம்மம்மா பாஷையூர் அந்தோனியார் கோயில் முத்தத்தில வைச்சுச் சொல்லித் தந்தது. இஞ்ச நிலவறையில ஹீட்டருக்குப் பக்கத்தில இருந்து மகள் அதைச் சொல்லேக்க அதே இழுப்பு வரும், ‘சர்வே-சுரனுடைய’ எண்டு நடுவில ஒரு மூச்சு. அது அம்மம்மாவின்ர மூச்சு. ஊர்க் கோயில்ல புது வாசகமும் கேட்டிருக்கிறன், எனக்கு அதில கோவம் ஒண்டும் இல்லை. ஆனா ‘செல்லாது’ எண்ட சொல்லு இருக்கே, அது நோட்டுக்குச் சொல்லுற சொல்லு.

அந்தோணி தம்பிக்கு: மியூட்டில இருந்தாலும் சத்தமாத்தான் சொல்லுறம். வீட்டில இருக்கிற பிள்ளைக்குக் கேக்கும்.

#5 பழைய உபதேசி (வியாழன், காலை 7.30)

கடலோரக்காரி மகளே, எனக்கு 74 வயது. நாற்பது வருஷம் ஒரு பங்கில் உபதேசியாராக இருந்தவன். மறைக்கல்வி வகுப்பில் பழைய மந்திரத்தையும் சொல்லிக் கொடுத்தேன், பிறகு அதை மறக்கடித்துப் புதியதையும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவதுதான் கடினமாக இருந்தது.

உங்கள் அண்ணன் ‘பழையது’ என்று இலங்கைக்காரர்களிடம் சொன்னது முழுக்கவும் நம்முடையது. தூத்துக்குடி, மணப்பாடு, கோட்டாறு, எங்கும் நம் பாட்டிமார் ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ என்றுதான் சொன்னார்கள். அதற்கும் முன்னே முதல் பாதி ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று தொடங்கும். இன்றும் கிழவிகள் ‘பிரியதத்த மந்திரம்’ என்று சொல்வது அதனால்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நாம் பூசையைத் திருப்பலி ஆக்கினோம், சர்வேசுரனை இறைவன் ஆக்கினோம். அவர்கள் வீட்டுச் செபத்தில் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதில் இந்தியா, இலங்கை என்று ஒன்றும் இல்லை. நம் வீட்டில் பரணில் போட்டதை அவர்கள் கூடத்தில் வைத்திருக்கிறார்கள்.

சர்வேசுரனும் ஆதியிலிருந்து இருந்த சொல் இல்லை. 1578-ல் கொல்லத்தில் போர்ச்சுக்கீசியக் குரு அன்றீக் அடிகளார் அச்சிட்டாரே 16 பக்க நூல், அதன் பெயரே ‘தம்பிரான் வணக்கம்’. அன்றைக்குக் கடவுள் தம்பிரான். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் (ராபர்ட் டி நொபிலி) காலத்தில் சர்வேசுரன் ஊன்றினார். அண்ணன் சொல்கிற கணக்கில் பார்த்தால் ‘செல்லும்’ மந்திரம் எது என்று தேடிப் போகவே முடியாது.

பாஷையூரான் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்றார். டொரன்டோவில் ஆங்கில எழுத்தில் செபத்தை அடித்து அனுப்புகிறார்களாம், சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். 1554-ல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் செபப் புத்தகமே ரோமன் எழுத்தில்தான் இருந்தது. தமிழ் படிக்கத் தெரியாதவர் வாயில் தமிழ்ச் செபம் வர வேண்டும் என்பது அப்போதும் இருந்த தேவை.

சட்டப்படிப் பார்த்தாலும் செபமாலை பக்தி முயற்சி. திருப்பலி வாசகத்துக்கு இருக்கிற கட்டுப்பாடு இதற்குக் கிடையாது.

#6 சந்தேகத் தாமஸ் (வியாழன், காலை 9.18)

ஐயாவின் வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்றை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். இது செபமா, ஆஜர் பட்டியலா?

நான் இருந்த ஒரு பங்குக் குழுவில் தினமும் காலையில் 140 ‘ஆமென்’. வாசகம் போட்ட மூன்றாவது நொடியில் ஆமென். படித்திருக்கவே முடியாது. புனிதர் படம், பூப்படம், கைகூப்பும் படம், ‘இதைப் 12 பேருக்கு அனுப்பினால் இன்று மாலைக்குள் நற்செய்தி’. முன்பு அஞ்சலட்டையில் வந்த அதே மிரட்டல். ஒருமுறை ‘செபிக்கவும்’ என்று ஒரு பெண்ணின் கருப்பை ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பெயரோடு போட்டுவிட்டார்கள். அவளுக்குத் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். நான் அன்றே வெளியேறினேன்.

நேரலைப் பூசையோ அதைவிட. எழுந்தேற்றத்தின்போது, குருவானவர் அப்பத்தைத் தூக்கிப் பிடித்திருக்க, கட்டுமானக் கம்பி விளம்பரம். அம்மா கைகூப்பியபடி கம்பியைக் கும்பிட்டார்.

2002-லேயே உரோமை ‘திருச்சபையும் இணையமும்’ ஆவணத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது, இணையத்தில் அருள்சாதனங்கள் (நற்கருணை, பாவசங்கீர்த்தனம் போன்றவை) இல்லை என்று. கொரோனா உச்சத்தில்கூடப் போனில் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை. காரணம் உண்டு. உடல் இல்லாமல் நம் விசுவாசம் இல்லை.

#7 பாலை நர்ஸ் (வியாழன், பிற்பகல் 1.44)

தாமஸ் அண்ணன் சொன்ன ஸ்கேன் ரிப்போர்ட் விஷயம் வயிற்றைக் கலக்குது. நர்ஸா சொல்றேன், அட்மின்கள் இதை அன்னைக்கே அழிக்கணும். ‘ஒரு சகோதரியின் நலனுக்காக’ன்னு சொன்னா போதும், கடவுளுக்கு வார்டு நம்பர் வேண்டாம்.

ஆனா உடல் இல்லாமல்னு சொன்னீங்களே. நான் இருக்கிற நாட்டில் கோயிலே கிடையாது. கட்ட அனுமதி இல்லை. ஊரில் இருந்து வந்து ஏழு வருஷம், அதில் பூசை கண்டது லீவில் வந்தப்போதான். உங்களுக்கு 2020-ல் தொடங்கினது எனக்கு அதுக்கு முன்னாடியே இருந்தது.

நைட் டியூட்டியில் நாலு மணிக்குப் பதினைந்து நிமிஷம் பிரேக். லினன் ரூமில் உட்கார்ந்து ஒரு காதில் மட்டும் இயர்போன். வாய் திறக்க முடியாது. அதனால சாட்டில் ஒவ்வொரு செபமாலை மணிக்கும் ஒரு புள்ளி வைப்பேன். பத்துப் புள்ளி ஆனதும் அடுத்த வரி. முதலில் குழுவில் ஒருத்தர் ‘என்னம்மா போன் கெட்டுப்போச்சா’ன்னு கேட்டார். இப்போ நான் வைக்க மறந்தா கேக்கறாங்க.

#8 நெறியாளர் (வியாழன், பிற்பகல் 2.00)

ஸ்கேன் ரிப்போர்ட் குறித்து: எந்தப் பங்கு என்று தனிமடலில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இங்கே பெயர் வேண்டாம். தொடருங்கள்.

#9 மடத்துச் சிஸ்டர் (வியாழன், இரவு 8.35)

நான் ஒரு துறவு சபையைச் சேர்ந்தவள். எங்கள் மடத்து யூடியூப் சேனலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதாவது, கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னதற்கான தண்டனை.

எங்கள் சிற்றாலயத்தில் காலை 5.30-க்குத் திருப்புகழ்மாலை. இரண்டு அணியாக உட்கார்ந்து மாறி மாறிச் சொல்வோம். ஒரு திருப்பாடல் முடிந்ததும் கொஞ்ச நேரம் அமைதி. 2020-ல் அதை நேரலையில் போடத் தொடங்கினோம். முதல் வாரமே அந்த அமைதியில் கமெண்ட் வந்தது: ‘நெட் போச்சா சிஸ்டர்?’ ‘சவுண்ட் வரல.’ ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க.’ இரண்டாம் வாரம் அமைதி பாதியானது. யாரும் முடிவெடுக்கவில்லை, தானாகக் குறைந்தது. மூன்றாம் வாரம் நன்றாகப் பாடுகிற இளைய சகோதரிகள் முன்வரிசைக்கு வந்தார்கள். எண்பது வயது சிஸ்டர் ஒருவர் எப்போதும் ஒரு சொல் பின்தங்கியே சொல்வார், அவர் தானாகவே கேமராவுக்குப் படாத மூலைக்குப் போய்விட்டார். அது எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது.

மதரிடம் சொன்னேன். கேமராவைத் திருப்பி நற்கருணைப் பேழை மட்டும் தெரிகிற மாதிரி வைத்தோம். குரல் மட்டும் வரும். பார்ப்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அந்தப் பெரிய சிஸ்டர் தன் இடத்துக்குத் திரும்பினார். அமைதியின்போது ‘அமைதி’ என்று நானே ஒரு வரி போட்டுவிடுவேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

போலந்தில் மாக்ஸிமிலியன் கோல்பே 1927-ல் தொடங்கிய துறவு இல்லத்திலிருந்து நற்கருணை ஆராதனையை நேரலையில் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அசையாத ஒரே காட்சி, பேச்சு இல்லை. எனக்கு யோசனை அங்கிருந்துதான் வந்தது.

வெளியே வராமல் செபத்தில் வாழ்கிற அடைபட்ட மடங்களுக்கு இது இன்னும் சிக்கல். 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் தியான வாழ்வுத் துறவியருக்கு எழுதிய அமைப்பு விதியில், இந்த ஊடகங்கள் உதவியாக இருக்கலாம், ஆனால் நேரத்தை வீணாக்கவோ உலகிலிருந்து தப்பி ஓடவோ வழியாகிவிடக் கூடாது என்று தனியாகவே எச்சரித்திருக்கிறார். எங்களைப் போன்ற பணிச் சபைகளுக்கும் அது பொருந்தும். சபை நிறுவுநர் நாளுக்கு நாலு போஸ்டர், தேவ அழைத்தலுக்கு ரீல்ஸ், எல்லாவற்றிலும் சிரிக்கிற இளைய சிஸ்டர்கள். ஒரு சபையின் அடையாளம் உடுப்பின் நிறமும் லோகோவும் என்று ஆகிவிட்டதோ என்று போஸ்டர் செய்கிற எனக்கே தோன்றுகிறது. பாத்திரம் கழுவுகிற சிஸ்டரை யாரும் ரீல்ஸ் எடுப்பதில்லை. நானும் எடுத்ததில்லை.

தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி புனித கிளாரா, தெரியுமா? நோயில் படுத்திருந்தபோது போக முடியாத வழிபாட்டைத் தன் அறைச் சுவரில் கண்டாராம். அதனால் 1958-ல் பன்னிரண்டாம் பயஸ் அப்படி அறிவித்தார். நோயில் படுத்திருந்தவர் என்பதைக் கவனியுங்கள். எழுந்து நடக்க முடிந்தவர்களுக்குச் சுவரில் தெரியவில்லை.

#10 சந்தேகத் தாமஸ் (வியாழன், இரவு 9.10)

சிஸ்டர், கடைசி வரியை வைத்து நான் பிழைத்துக்கொள்வேன். நர்ஸ் தங்கச்சியிடம் மன்னிப்பு. உங்கள் நிலைமையை நான் யோசிக்கவில்லை. ஆனால் கோயில் இரண்டு தெரு தள்ளி இருந்தும் இன்னும் சோபாவில் பூசை காண்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் சொன்னேன்.

#11 பாஷையூரான் (வெள்ளி, அதிகாலை 4.50)

தாமஸ் அண்ணை, கோவிக்காதேங்கோ. பூசை வேற, செபமாலை வேற. குருவானவர் இல்லாத செபம் எங்களுக்குப் புதுசில்லை.

ஒல்லாந்தர் காலத்தில யாழ்ப்பாணத்தில கத்தோலிக்கக் குருமாரே இல்லை, தடை. சனம் வீட்டுக்குள்ள மூப்பரை வைச்சுச் செபம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 1687-ல சூசை வாஸ் முனிவர் பிச்சைக்காரன் வேசத்தில கோவாவில இருந்து வந்து இறங்கினவர். ஆர் கத்தோலிக்கர் எண்டு அவருக்குத் தெரியாது, கழுத்தில செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாப் பிச்சைக்குப் போய், செபமாலையைப் பாத்து ஆற்ற முகம் மாறுது எண்டு கவனிச்சாராம். பிறகு சில்லாலைச் சனம் அவரை ஒளிச்சு வைச்சுப் பாத்தது. 2015-ல கொழும்பில வைச்சுப் புனிதர் பட்டம் குடுக்கேக்க நான் இஞ்ச இரவிரவா முழிச்சிருந்து லைவ்ல பாத்தன்.

செபமாலையைப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்கிறது. இண்டைக்கு வாசகத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறம். ‘அர்ச்சிஷ்ட’ எண்டு எங்கயாவது கேட்டால், எங்கட ஆக்கள் எண்டு காது நிமிரும். அதைத்தான் அந்த அண்ணன் நிப்பாட்டச் சொல்லுறார்.

#12 ஐடி அந்தோணி (வெள்ளி, காலை 8.15)

சரி, யோசனை. செபமாலையில் பத்து மணி கொண்ட ‘பத்து’ ஐந்து இருக்கிறது. ஒவ்வொரு பத்தையும் ஒவ்வொரு ஊர்க்காரர் அவர் வாசகத்தில் சொல்லட்டும். பதில் சொல்ல ஒருவரை மட்டும் அன்மியூட் பண்ணுங்கள், அவர் அந்தப் பத்தின் வாசகத்திலேயே பதில் சொல்லட்டும். மற்றவர்கள் வீட்டில் எப்படி வேண்டுமானாலும். தொழில்நுட்பமும் இதற்குமேல் தாங்காது.

#13 பழைய உபதேசி (வெள்ளி, காலை 8.40)

நல்லது. மாதாவைப் பல பெயர் சொல்லி அழைக்கிற மன்றாட்டு மாலையில் 2020 ஜூனில் மூன்று புதிய வேண்டுதல் சேர்த்தார்கள். அதில் ஒன்று புலம்பெயர்ந்தோருக்கு ஆறுதலானவள் என்று மாதாவை அழைப்பது. உங்கள் குழு அதை விட்டுவிடாமல் சொல்லுங்கள். அதற்குப் பழைய வாசகமே கிடையாது, யாரும் சண்டை போட முடியாது.

அடுத்த ஆண்டு மே மாதம் உலகத்தில் 30 திருத்தலங்கள் நாளுக்கு ஒன்றாகச் செபமாலையை நேரலையில் முன்னெடுத்தன, வேளாங்கண்ணியும் அதில் ஒன்று. மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில், ஏரியலைச் சாளரத்துக்கு வெளியே நீட்டிப் பிடித்துக் கேட்டவன் நான். 2018-ல் சிற்றலையையே நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே செபம் கேட்டது போல் இப்போது தெளிவாகக் கேட்கிறபோது கேட்பதில்லை. கிழவன் புலம்பல், விடுங்கள்.

#14 கடலோரக்காரி (புதன், காலை 7.25)

நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தோணி சொன்னபடி பத்துப் பத்தாகப் பிரித்தோம். உபதேசியார் ஐயா எழுதியதை அப்படியே அந்த அண்ணனுக்கு அனுப்பினேன். ‘பரண்’ வரியைப் படித்துவிட்டு, “அப்போ நான் என் பாட்டியைத்தான் செல்லாதுன்னு சொல்லிட்டேனா” என்றார். வெளியேறினவர்களிடம் அவரே கூப்பிட்டுப் பேசினார். இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். மூன்றாவது அக்கா இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம்.

நேற்று துக்க தேவ ரகசியம். நாலாவது பத்து அக்கா மகளின் மாமியார், டொரன்டோவிலிருந்து. பதில் சொல்கிற முறை என் அம்மாவுக்கு. நான் அர்ச்சிஷ்ட வாசகத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மா கையில் கொடுத்திருந்தேன். அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. அடுப்பில் புட்டு வெந்துகொண்டிருந்தது, கண் அங்கே. ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக’ என்று பத்து முறையும் தடங்கல் இல்லாமல் வந்தது. பாஷையூரான் அண்ணன் சொன்ன அதே இடத்தில் மூச்சு.

என் 46 வயதில் அம்மா வாயிலிருந்து நான் இதைக் கேட்டதே இல்லை. முடிந்ததும் “எப்பம்மா படிச்சே?” என்றேன். “படிக்கதுக்கு என்ன இருக்கு, எங்கம்மை சொல்லும்லா” என்றுவிட்டுப் புட்டை இறக்கப் போனார். ஐந்தாவது பத்துக்கு அவரே ‘தூய மரியே’வுக்குத் திரும்பிவிட்டார்.

பாலை நர்ஸ் தங்கச்சி, உங்களைச் சேர்த்த அன்றிலிருந்து சாட்டில் புள்ளி வருகிறது. நேற்று மூன்றாவது பத்தில் ஒன்பதுதான் வந்தது. அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறார். என்ன ஆச்சு என்று கேட்கச் சொன்னார்.

#15 பாலை நர்ஸ் (புதன், காலை 9.02)

பெல் அடிச்சாங்க, ஓடிட்டேன். ஆறாம் பெட் ஐயா தண்ணி கேட்டார். அம்மாகிட்ட சொல்லுங்க, பத்தாவதை நடந்துகிட்டே சொல்லிட்டேன்.

#16 ஐடி அந்தோணி (புதன், காலை 9.30)

நாளை காலை உங்களுக்கு வியாழன், அங்கே புதன் இரவு. ஒளியா, மகிமையா?

#17 கடலோரக்காரி (புதன், காலை 9.41)

குழுவில் வாக்கெடுப்பு போட்டிருக்கேன். இப்போதைக்கு 19-க்கு 19. அம்மா இன்னும் ஓட்டுப் போடல.